வெப்பநிலை மாறும்போது பாக்டீரியா எவ்வளவு பெருகும்? கணக்கு போடுவோருக்கு அடிக்கடி எழும் கேள்விகள்

தில்லியில் சி.பி.எஸ்.இ. படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்குகள் துண்டு துண்டாகத்தான் அறிமுகமாகின்றன. நடுநிலை வகுப்புகளில் 'மணிக்கு இத்தனை டிகிரி குறைகிறது' என்று முழுக்கள் வரும். 11ஆம் வகுப்பில் 'மணிக்கு இருமடங்காகிறது' என்று பெருக்குத் தொடர் வரும். 12இல் அதே பாக்டீரியா வகைக்கெழுச் சமன்பாடாகத் திரும்பி வரும். பத்தியாகக் கொடுத்துக் கேட்கும் கேள்விகள் கூடியபின் வெப்பநிலையும் பெருக்கமும் ஒரே கணக்கில் சேர்ந்தும் வருகின்றன. பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் அங்கேதான். வீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் பெற்றோரை மனத்தில் வைத்து இதை எழுதியிருக்கிறோம்.

எந்தக் கணக்கை வைத்துப் பேசப்போகிறோம்?

இதை. கரோல் பாகில் ஒரு வீடு, மே மாதம். இரவு 8 மணிக்கு ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பால் சமையல் மேடையிலேயே மறந்துபோய் இருக்கிறது. அப்போது அதன் வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸ். மணிக்கு 10 டிகிரி வீதம் ஏறி, 35 டிகிரியை அடைந்ததும் அங்கேயே நிற்கிறது. தொடக்கத்தில் ஒரு மில்லிலிட்டரில் 500 பாக்டீரியா. 15 டிகிரிக்குக் கீழே பெருக்கம் இல்லை எனக் கொள்க. 15 முதல் 25 வரை 60 நிமிடத்துக்கு ஒருமுறையும், 25 முதல் 35 வரை 30 நிமிடத்துக்கு ஒருமுறையும், 35 டிகிரியில் 20 நிமிடத்துக்கு ஒருமுறையும் எண்ணிக்கை இருமடங்காகிறது. நள்ளிரவு கடந்து 1 மணிக்கு ஒரு மில்லிலிட்டரில் எத்தனை?

இந்த நிமிடக் கணக்கெல்லாம் பயிற்சிக்காக வைத்தவை. உண்மையில் எந்தப் பாக்டீரியா, எந்த உணவு என்பதைப் பொறுத்து இவை மாறும். ஈ.கோலை நல்ல ஊட்டத்தில், 37 டிகிரியில் சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இருமடங்காகும் என்பதால் 20 நிமிடம் பாடப்புத்தகக் கணக்குகளில் அடிக்கடி தலைகாட்டும்.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

வெப்பநிலையிலிருந்து. பாக்டீரியாவை அப்போதைக்குத் தொடவே வேண்டாம்.

வெப்பநிலை கூட்டல் கழித்தலில் நகர்கிறது, பாக்டீரியா பெருக்கலில் நகர்கிறது. இரண்டையும் ஒரே வரியில் போட்டால் குழப்பம் நிச்சயம். வெப்பநிலை எண்ணிக்கையை நேராகப் பெருக்குவதோ வகுப்பதோ இல்லை. இருமடங்காக எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதைத்தான் அது மாற்றுகிறது. ஆகவே முதலில் நேரத்தை வெப்பநிலை வாரியாகத் துண்டு போடுங்கள். ஒவ்வொரு துண்டிலும் எத்தனை இரட்டிப்பு நடக்கிறது என்று மட்டும் பாருங்கள்.

8 முதல் 9 வரை: 5 டிகிரி 15 ஆகிறது. பெருக்கம் இல்லை. இரட்டிப்பு 0.
9 முதல் 10 வரை: 15 டிகிரி 25 ஆகிறது. 60 ÷ 60 = 1.
10 முதல் 11 வரை: 25 டிகிரி 35 ஆகிறது. 60 ÷ 30 = 2.
11 முதல் 1 வரை: 35 டிகிரியிலேயே நிற்கிறது. 120 ÷ 20 = 6.

மொத்தம் 9 இரட்டிப்பு. இப்போதுதான் பாக்டீரியாவுக்கு வருகிறோம்: 500 × 2⁹ = 500 × 512 = 2,56,000.

இரட்டிப்புகளைக் கூட்டுங்கள். எண்ணிக்கையைக் கடைசியில் ஒரே முறை பெருக்குங்கள். இந்தப் பக்கத்தில் வரும் மற்ற கணக்குகளில் பெரும்பாலானவற்றுக்கும் இதுவே வழி.

ஒவ்வொரு துண்டு முடிவிலும் எண்ணிக்கையைப் போட்டுக்கொண்டே போனால் தவறா?

தவறில்லை. 500, 1,000, 4,000, 2,56,000 என்று அதே விடைதான் வரும். ஆனால் நடுவில் ஓர் எண் பிசகினால் அதன்பின் எல்லாம் பிசகும். இரட்டிப்பு 2.5 என்று பின்னமாக வந்தால் வேலையும் கூடும்.

சராசரி வெப்பநிலை எடுத்து ஒரே அடியாகப் போட முடியாதா? நேரம் மிச்சமாகுமே.

நேரம் மிச்சமாகும், மார்க்தான் போகும். போட்டுப் பார்த்துவிடுவோம். ஐந்து மணி நேரத்தின் சராசரிகள் முறையே 10, 20, 30, 35, 35. இவற்றின் சராசரி 26 டிகிரி. அது 30 நிமிடப் பிரிவில் விழுகிறது. 5 மணி நேரத்தில் 10 இரட்டிப்பு, விடை 5,12,000. சரியான விடையைப்போல் இரண்டு மடங்கு.

இன்னொரு குறுக்குவழி, இரட்டிப்பு நேரங்களைச் சராசரி எடுப்பது. 60, 30, 20 ஆகியவற்றின் சராசரி 36.67 நிமிடம். பெருக்கம் நடந்த 240 நிமிடத்தை இதால் வகுத்தால் சுமார் 6.55 இரட்டிப்பு. விடை 47,000-க்குச் சற்றுக் குறைவு. ஒரு சராசரி விடையை மேலே தூக்குகிறது, இன்னொன்று ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே தள்ளுகிறது.

இரண்டாவது பிசகுக்குக் காரணம், 60 நிமிடம், 20 நிமிடம் என்பவை வேகங்கள் அல்ல, வேகத்தின் தலைகீழிகள். மயூர் விஹாரிலிருந்து கரோல் பாக்குக்கு மணிக்கு 60 கிலோமீட்டரில் போய், நெரிசலில் 20-இல் திரும்பினால் மொத்தப் பயணத்தின் சராசரி வேகம் 40 அல்ல, 30. இங்கும் அதே கோளாறுதான்.

சராசரிதான் வேண்டும் என்றால் மணிக்கு எத்தனை இரட்டிப்பு என்பதைச் சராசரி எடுங்கள். 0, 1, 2, 3, 3 ஆகியவற்றின் சராசரி 1.8. அதை 5 மணியால் பெருக்கினால் 9. விடை ஒத்துப்போகிறது.

8 மணி முதல் 11 மணி வரை மணிக்கு ஒருமுறை இருமடங்கு என்றால், 3 இரட்டிப்பா 4 இரட்டிப்பா?

3. விரலால் 8, 9, 10, 11 என்று எண்ணினால் 4 வரும். ஆனால் நாம் எண்ண வேண்டியது இடைவெளிகளை, மணிகளை அல்ல.

11ஆம் வகுப்பில் இந்தச் சிக்கல் வேறு உருவில் வரும். பெருக்குத் தொடரின் 4ஆம் உறுப்பு என்றால் முதல் உறுப்பை விகிதத்தின் 3ஆம் அடுக்கால் பெருக்க வேண்டும். '4ஆம் மணி முடிவில்' என்றால் 4ஆம் அடுக்கு. தொடக்கத்தில் 25 பாக்டீரியா இருந்தால் 4ஆம் உறுப்பு 200, 4ஆம் மணி முடிவில் 400. தொடக்க எண்ணிக்கையே முதல் உறுப்பு, அதாவது 0ஆம் மணி. இதைத் தாளில் ஓர் ஓரமாக எழுதிவைத்துவிட்டுத் தொடங்கினால் குழப்பம் இருக்காது.

'மும்மடங்காகிறது', '300 சதவீதம் அதிகரிக்கிறது': இரண்டும் ஒன்றா?

இல்லை. மும்மடங்காவது என்றால் 100, 300 ஆகும். 300 சதவீதம் அதிகரித்தால் 100, 400 ஆகும்.

20 நிமிடத்துக்கு ஒருமுறை இருமடங்கு. 50 நிமிடம் கழித்து?

50 ÷ 20 = 2.5 இரட்டிப்பு. 2 அடுக்கு 2.5 என்பது 4 × √2, அதாவது சுமார் 5.66. தொடக்கம் 500 என்றால் விடை சுமார் 2,830.

பல பிள்ளைகள் 40 நிமிடத்தில் 2,000, அடுத்த 20 நிமிடத்தில் இன்னும் 2,000 கூடும், பாதி நேரத்தில் 1,000 கூடும் என்று 3,000 எழுதுவார்கள். பாதி நேரத்தில் பாதி கூடாது. எண்ணிக்கை குறைவாக இருக்கும் முதல் 10 நிமிடத்தில் குறைவாகவும், அடுத்த 10 நிமிடத்தில் அதிகமாகவும் கூடும்.

இன்னொரு சறுக்கல்: 1 மணி 20 நிமிடத்தை 1.2 மணி என்று எழுதுவது. அது 80 நிமிடம், 4/3 மணி. நிமிடத்தில் கொடுத்திருந்தால் முழுக் கணக்கையும் நிமிடத்திலேயே முடித்துவிடுவது நல்லது.

எத்தனை மணிக்கு 1,00,000 ஆகும் என்று தலைகீழாகக் கேட்டால்?

நம் பால் கணக்கையே எடுப்போம். 1,00,000 ÷ 500 = 200 மடங்கு. 2⁷ = 128, 2⁸ = 256. எனவே 7-க்கும் 8-க்கும் இடையே. 11 மணி வரை 3 இரட்டிப்பு முடிந்துவிட்டது. அதன்பின் 20 நிமிடத்துக்கு ஒன்று. 7ஆவது 12:20-க்கும் 8ஆவது 12:40-க்கும் முடிகிறது. விடை இந்த 20 நிமிடத்துக்குள் இருக்கிறது. கீழ் வகுப்புக்கு இதுவே போதும்.

துல்லியமாக வேண்டுமென்றால் மடக்கை. லாக் 200 ÷ லாக் 2 = 2.3010 ÷ 0.3010 = 7.644. மீதி 4.644 இரட்டிப்பை 20-ஆல் பெருக்கினால் 92.9 நிமிடம். விடை 12:33. கவனம்: 7.644-ஐ நேராக 20-ஆல் பெருக்கிவிடக் கூடாது. முதல் மூன்று இரட்டிப்பும் வேறு வேகத்தில் நடந்தவை.

தேர்வில் கால்குலேட்டர் கிடையாதே. 2-இன் அடுக்குகளை எப்படிச் சமாளிப்பது?

2¹⁰ = 1,024 என்பது மட்டும் மனப்பாடமாக இருக்கட்டும். பத்து இரட்டிப்பு ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. இருபது, ஏறக்குறைய பத்து லட்சம் மடங்கு. முப்பது, நூறு கோடிக்குச் சற்று மேல். லட்சத்தை முதலில் தாண்டுவது 2¹⁷ (1,31,072), கோடியைத் தாண்டுவது 2²⁴ (1,67,77,216). போட்ட விடையை இதோடு ஒப்பிட்டால் பூஜ்யம் ஒன்று கூடியதும் குறைந்ததும் உடனே கண்ணில் படும்.

மடக்கை வரும் கணக்கில், வினாத்தாள் மதிப்பு தராவிட்டால் விடையை மடக்கை வடிவிலேயே விட்டுவிடலாம்.

12ஆம் வகுப்புக் கணக்கு: 3 மணி நேரத்தில் 20 சதவீதம் கூடுகிறது, எப்போது மும்மடங்காகும்?

மும்மடங்கு என்றால் 200 சதவீதம் கூட வேண்டும், 200 ÷ 20 = 10, பத்து மூன்று முப்பது மணி என்பது முதலில் தோன்றும் தவறான விடை. கூடியதன் மேலும் கூடுகிறதே, அதை இது விட்டுவிடுகிறது.

பெருகும் வேகம் அப்போதுள்ள எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது என்பதைச் சமன்பாடாக எழுதித் தொகையிட்டால், எண்ணிக்கையின் மடக்கை நேரத்தோடு நேர்கோடாக ஏறும் என்று கிடைக்கும். 3 மணிக்கு லாக் 1.2 ஏறுகிறது. லாக் 3 ஏற எவ்வளவு நேரம்? 3 × லாக் 3 ÷ லாக் 1.2. மதிப்பிட்டால் சுமார் 18 மணி.

இந்தச் சமன்பாட்டின் விடையை ஆய்லர் எண்ணின் (2.718) அடுக்காகவும் எழுதுவார்கள். அங்கே ஒரு பொறி இருக்கிறது. பால் கணக்கில் 35 டிகிரியில் வந்ததுபோல் மணிக்கு 3 இரட்டிப்பு என்பதைப் பார்த்ததும் அந்த அடுக்கில் 3 என்று போட்டுவிடுவார்கள். 2³ = 8, ஆனால் 2.718³ சுமார் 20. அடிமானத்தை மாற்றினால் மாறிலியும் மாற வேண்டும். இரட்டிப்பு நேரத்தால் 0.693-ஐ வகுத்தால் வருவதுதான் அந்த மாறிலி. 20 நிமிடம், அதாவது 1/3 மணிக்கு, அது மணிக்கு 2.08.

வெப்பநிலையை ஃபாரன்ஹீட்டில் கொடுத்தால்?

வெப்பநிலை வேறு, வெப்பநிலை வித்தியாசம் வேறு. இதில்தான் எல்லாரும் விழுகிறார்கள். தில்லி சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தின் இரண்டு பழைய பதிவுகளை எடுத்துக்கொள்ளுங்கள்: 1935 ஜனவரியில் −0.6 டிகிரி, 1944 மே மாதத்தில் 47.2 டிகிரி. வித்தியாசம் 47.2 − (−0.6) = 47.8. கழித்தலின் மேல் கழித்தல் கூட்டலாகும் என்பதை மறந்தால் 46.6 வரும்.

இப்போது ஃபாரன்ஹீட். தனித்தனியாக மாற்றினால் 116.96, 30.92. வித்தியாசம் 86.04. இதையே 47.8 × 1.8 என்று ஒரு வரியில் போட்டிருக்கலாம். வித்தியாசத்தோடு 32-ஐச் சேர்க்கவே கூடாது. சேர்த்தால் 118.04 என்று ஒரு பொருந்தாத விடை நிற்கும். 'மணிக்கு 9 டிகிரி ஃபாரன்ஹீட் ஏறுகிறது' என்றால் மணிக்கு 5 டிகிரி செல்சியஸ், அவ்வளவுதான்.

'ஒவ்வொரு 10 டிகிரிக்கும் பெருக்க வேகம் இருமடங்கு' என்று மட்டும் கொடுத்தால்?

வேகம் இருமடங்கு என்றால் இரட்டிப்பு நேரம் பாதி. 35 டிகிரியில் 20 நிமிடம் என்றால் 25-இல் 40, 15-இல் 80, 5-இல் 160. 30 டிகிரியில்? 20-க்கும் 40-க்கும் நடுவில் 30 என்று எழுதத் தோன்றும். சரியான விடை 20 × √2, சுமார் 28.3 நிமிடம். விகிதமாக மாறும் இடத்தில் நடுப்புள்ளியும் பெருக்கல் சராசரிதான், அதாவது √(20 × 40).

இந்த விதியை மேல்நோக்கி நீட்டக் கூடாது. 45-இல் 10 நிமிடம், 55-இல் 5 நிமிடம் என்று தாளில் போட்டுக்கொண்டே போகலாம், பாக்டீரியா ஒத்துழைக்காது. உகந்த வெப்பநிலையைத் தாண்டியதும் வேகம் சட்டென்று சரியும், பிறகு சாவு தொடங்கும். குளிர்ப் பக்கத்திலும் இது தோராயம்தான். 1982-இல் ஆய்வாளர் ராட்கோவ்ஸ்கியும் அவருடைய சகாக்களும் பெருக்க வேகத்தின் வர்க்கமூலம் வெப்பநிலையோடு நேர்கோடாக ஏறுகிறது என்று காட்டினார்கள். உணவு நுண்ணுயிரியலில் அந்த வாய்பாடு இன்றும் புழங்குகிறது. பள்ளிக் கணக்குக்குப் பத்து டிகிரி விதி போதும், கொடுத்த எல்லைக்குள் நின்றால்.

வெப்பநிலை மெல்ல மெல்லத்தானே ஏறுகிறது? படிக்கட்டு போலத் துண்டு போடுவது ஏமாற்று இல்லையா?

நல்ல கேள்வி. முந்தைய விதியையே வைத்துச் சோதிக்கலாம். ஒரு மணி நேரத்தில் 15-லிருந்து 25 டிகிரிக்குச் சீராக ஏறுகிறது. 15-இல் மணிக்கு 0.75 இரட்டிப்பு, 25-இல் 1.5. இரு முனைகளின் சராசரி 1.125. நடு வெப்பநிலையான 20 டிகிரியின் வேகம் 1.061. தொகையிட்டு வரும் துல்லிய மதிப்பு 1.082. முனைச் சராசரியை எடுத்தாலும் இறுதி எண்ணிக்கையில் பிழை 3 சதவீதம்தான். ஒரு மணி, 10 டிகிரி என்ற அளவிலான துண்டுக்கு இதற்காகக் கவலைப்பட வேண்டாம். ஒரே துண்டில் 30 டிகிரியை விழுங்கினால்தான் பிழை பெரிதாகும்.

சூடான சாம்பார் ஆறும் கணக்கில் 'மணிக்கு இத்தனை டிகிரி' என்று எடுக்கலாமா?

கணக்கு அப்படிச் சொன்னால் எடுக்கலாம். சொல்லாவிட்டால் நியூட்டனின் குளிர்தல் விதி: ஆறும் வேகம், பாத்திரத்துக்கும் அறைக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்துக்கு நேர்விகிதம். இதுவும் அதே அடுக்குக் கணக்கு, இறங்குமுகமாக.

அறை 35 டிகிரி, சாம்பார் 95. அரை மணியில் 65 ஆகிறது. வித்தியாசம் 60-லிருந்து 30. ஆகவே அரை மணிக்கு ஒருமுறை வித்தியாசம் பாதியாகிறது. ஒரு மணியில் 50 டிகிரி, ஒன்றரை மணியில் 42.5. 45 டிகிரியை எப்போது தொடும்? வித்தியாசம் 10 ஆக வேண்டும். 60 ÷ 10 = 6 பங்கில் ஒன்று. லாக் 6 ÷ லாக் 2 = 2.585. அதை 30-ஆல் பெருக்கினால் 77.5 நிமிடம்.

பாதியாவது வித்தியாசம்தான், வெப்பநிலை அல்ல. 95-இன் பாதி 47.5 என்று தொடங்கினால் ஒன்றரை மணியில் சாம்பார் அறையைவிடக் குளிர்ந்து 12 டிகிரிக்குக் கீழே போயிருக்கும். மே மாதத் தில்லியில் அப்படி நடந்தால் ஃபிரிட்ஜே வேண்டாம்.

பாலைச் சூடாக்கும்போது குறையும் கணக்கு?

அங்கே 2-க்குப் பதில் பத்தில் ஒன்று. ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் ஒவ்வொரு 2 நிமிடத்துக்கும் எண்ணிக்கை பத்தில் ஒன்றாகிறது என்று கொடுத்தால், 2,56,000 பத்து நிமிடத்தில் ஐந்து முறை பத்தால் வகுபட்டு 2.56 ஆகும். 2.56 பாக்டீரியா எப்படி இருக்கும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அது ஒரு மில்லிலிட்டருக்கான சராசரி. அரை லிட்டரில் 1,280 இருக்கும். இதைச் சுழியம் என்று முழுமையாக்கினால் தவறு.

விடை நம்பும்படி இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

ஒரு பாக்டீரியா, 20 நிமிடத்துக்கு ஒருமுறை இருமடங்கு, 24 மணி நேரம். 72 இரட்டிப்பு. ஒன்றின் எடை ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு என்று வைத்தால் மொத்த எடை 4,700 டன்னைத் தாண்டும். 48 மணியில் பூமியின் எடையையே தாண்டிவிடும். தாளில் கணக்கு சரிதான், உலகில் நடக்காது. உணவு தீரும், கழிவு சேரும், பெருக்கம் நின்றுபோகும். அடுக்குப் பெருக்கம் நடுவில் வரும் ஒரு கட்டம் மட்டுமே. அதற்கு முன்னால் புதுச் சூழலுக்குப் பழகும் தயக்க நிலை, பின்னால் தேக்கம், பிறகு அழிவு.

'முதல் 2 மணி நேரம் தயக்க நிலை' என்று கணக்கில் இருந்தால் மொத்த நேரத்தில் அதைக் கழித்துவிட்டு இரட்டிப்பை எண்ணுங்கள். 'அதிகபட்சம் 10 கோடி' என்று இருந்தால் உங்கள் விடை அதைத் தாண்டும்போது 10 கோடி என்றே எழுத வேண்டும். இந்தக் கடைசி வரியைப் படிக்காமல் விடுகிறவர்கள் அதிகம்.

இட்லி மாவு இரண்டு பங்காகப் பொங்கினால் பாக்டீரியாவும் இருமடங்காகிவிட்டது என்று எடுக்கலாமா?

கூடவே கூடாது. மாவு பொங்குவது லியூகோநாஸ்டாக் போன்ற பாக்டீரியா வெளிவிடும் கரியமில வாயுவால். மாவின் அளவு இருமடங்காவதற்குள் அவை எத்தனையோ இரட்டிப்புகளைக் கடந்திருக்கும். பாத்திரத்தின் கோட்டை வைத்துப் பாக்டீரியாவை எண்ண முடியாது.

போட்ட விடையை வைத்து அந்தப் பாலைக் குடிக்கலாமா என்று சொல்ல முடியுமா?

முடியாது. எந்தப் பாக்டீரியா என்பது கணக்கில் இல்லை, சில வகைகள் விட்டுச்செல்லும் நச்சு கொதிக்கவைத்தாலும் போகாது. சமையலறைக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எளிய வழி இருக்கிறது: சமைத்த உணவை அறை வெப்பநிலையில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள், ஃபிரிட்ஜில் 5 டிகிரிக்குக் கீழே வையுங்கள், பரிமாறும்வரை சூடாக வைப்பதென்றால் 60-க்கு மேல்.

பயிற்சிக்கு இன்னொரு கணக்கு?

ஜனவரி, ஆர்.கே. புரம். சனிக்கிழமை மாலை 6 மணிக்கு அரைத்த மாவு 30 டிகிரியில் இருக்கிறது. கிராமுக்கு 3,000 பாக்டீரியா. மணிக்கு 3 டிகிரி குறைந்து 15 டிகிரியில் நிற்கிறது. 30 முதல் 24 வரை இரட்டிப்பு நேரம் 40 நிமிடம், 24 முதல் 18 வரை 60 நிமிடம், 18-க்குக் கீழே 4 மணி நேரம். ஞாயிறு காலை 6 மணிக்கு எத்தனை? மாவை இரவு முழுதும் 30 டிகிரியிலேயே வைத்திருந்தால் எத்தனை? குளிரில் விட்ட மாவு அந்த எண்ணிக்கையை எப்போது எட்டும்?

முதல் விடை: 6 முதல் 8 வரை 3, 8 முதல் 10 வரை 2, 10 முதல் காலை 6 வரை 8 மணி நேரத்தில் 2. ஆக 7 இரட்டிப்பு. 3,000 × 128 = 3,84,000.

இரண்டாவது: 720 ÷ 40 = 18 இரட்டிப்பு. 3,000 × 2,62,144 = 78,64,32,000. அதாவது 2,048 மடங்கு வித்தியாசம். தில்லிக் குளிரில் மாவுப் பாத்திரத்தை விளக்கெரியும் ஓவனுக்குள் வைப்பதும் கம்பளியில் சுற்றுவதும் இதற்காகத்தான்.

மூன்றாவது: இன்னும் 11 இரட்டிப்பு பாக்கி. 11 × 4 = 44 மணி நேரம். ஞாயிறு காலை 6-லிருந்து எண்ணினால் செவ்வாய் அதிகாலை 2 மணி.